முடிவு வராத சாட்சி

"…அதனால கண்ணு இன்னும் சரியாகல ஐயா. டாக்டருக்கும் தெரியல, எங்களுக்கும் தெரியல. இதுதான் என் சாட்சி."

சொல்லிவிட்டு மைக்கை நீட்டினார் ஜெயராணி. வாங்க வேண்டிய பாஸ்டர் வாங்காமல் நின்றார்.

போன ஞாயிறு, புனே ஹடப்சரில் எங்கள் தமிழ் ஆராதனை. காலையில் மராத்திச் சபையார் முடித்துக் கிளம்புவார்கள். அதே ஹாலில் சாயங்காலம் நாங்கள். ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்கிற சாட்சி நேரம் உங்களுக்குத் தெரியாததா? விசா வந்தது, ஃபிளாட் அமைந்தது, மகனுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது… ஒவ்வொன்றுக்கும் ஒரு அல்லேலூயா, ஒரு கைதட்டல், அடுத்த ஆள்.

ஜெயராணிக்கு மட்டும் எந்த இடத்தில் கைதட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாட்டை ஆரம்பிக்கக் கீபோர்டில் விரல் வைத்தவர்கூட மெல்ல எடுத்துக்கொண்டார்.

பாஸ்டர் நல்ல மனுஷர். தணிந்த குரலில் சொன்னார். "சிஸ்டர், இது ஜெபக்குறிப்பு, நாங்க ஜெபிக்க வேண்டிய விஷயம். சாட்சி முடிஞ்சதும் தனியா கேப்போம்ல, அப்ப சொல்லுங்களேன்."

"இல்ல ஐயா. இது சாட்சிதான்."

விஷயம் இதுதான். ஜெயராணியின் கணவர் செல்வினுக்கு, ஊருக்கு வெளியே சாகணில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. தரம் பார்க்கிற பிரிவு. மயிரிழைக் கீறலையும் விடாமல் நாள் முழுக்கத் தேடுகிற கண்கள். ஒரு நாள் காலையில் எழுந்தால், எல்லாமே புகை. கண்ணுக்குப் போகிற நரம்பில் வீக்கமாம். மருந்து ஏறுகிறது. பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இந்த இரண்டு 'லாம்'களுக்கும் நடுவில்தான் இப்போது அவர்கள் குடித்தனம்.

ஜெயராணி மைக்கை மறுபடி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். புனே வந்து இத்தனை வருஷமாகியும் பேச்சில் ஊர் அப்படியே இருக்கிறது.

"காலைல எந்திச்சதும் இவுககிட்ட கேப்பேன், ஜன்னல் தெரியுதான்னு. 'புகையாத்தான் இருக்கு'ம்பாக. உடனே அடுப்படிக்குப் போயி ஆண்டவர்ட்ட சண்டை போடுவேன். ஏன் பேசாம இருக்கீருன்னு கேப்பேன். பதிலே வராது. ஆனா மறுநாளும் அவர்ட்டதான் போயி நிக்கேன். வேற எங்கயும் போகத் தோணல. அப்படித் தோணாம என்னைப் பிடிச்சு வச்சிருக்கது யாரு? நானா? எனக்கு அவ்வளவு பலம் கெடயாது ஐயா."

"ஸ்தோத்திரம்" என்று ஒரு குரல். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த செல்வின்தான். பிறகு ஹால் முழுக்க அது பரவியது. கைதட்டல் இல்லை. பாஸ்டர் மைக்கை வாங்கினார்.

எனக்கு அன்றைக்குப் பிரசங்கம் சரியாகக் காதில் விழவில்லை. யோசனை எங்கேயோ போய்விட்டது… நாம் எப்போது சாட்சி சொல்ல எழுந்திருக்கிறோம்? ரிசல்ட் வந்த பிறகு. சரி, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் எங்கே? பின்வரிசையில். சிலர் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள் — சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லையே என்று. செங்கடலைத் தாண்டிக் கரையேறினவர்களின் பாட்டை நாம் ஆசையாகப் பாடுகிறோம். தண்ணீர் இன்னும் பிளக்காத நேரத்தில், பின்னால் படை துரத்தி வர, இந்தக் கரையில் நடுங்கிக்கொண்டு நின்றார்களே? அப்போதும் அவர்கள் ஆண்டவருடைய ஜனங்கள்தானே?

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கேட்டுக்குப் பக்கத்தில் ஜெயராணி ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். எப்போதும் செல்வின் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வருகிறவர்.

"வண்டி எப்பம்மா பழகுன?"

"இப்பத்தான் அண்ணாச்சி, பழகிட்டே இருக்கேன்."

"பழகிட்டே இருக்காளாம்!" என்றார் செல்வின். "நேத்து ஒரு பால்காரர் தப்பிச்சது எனக்கு நல்லாவே கேட்டுச்சு."

"சும்மா கெடங்க. ஒழுங்கா உக்காருங்க."

"எனக்கென்னட்டி? கண்ணை மூடுனாலும் தொறந்தாலும் ஒண்ணுதான். நீ பாத்து ஓட்டு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஷோலாப்பூர் ரோடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். லாரி, பஸ், டிராக்டர்… யாருக்கும் யாரும் வழிவிடுவதில்லை.

"ஏம்மா… பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி. பயம் போன பெறவு வண்டியை எடுக்கலாம்னா, நாளைக்கு இவுகளை யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா?"

ஆட்கள் போகிறபோக்கில் சொல்லும் வார்த்தைகளைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். அன்றைக்கு ஞாயிறுப் பிரசங்கமாக நான் வீட்டுக்கு எடுத்துப்போனது இதைத்தான்.

ஜெயராணி இந்த ஊர்ப் பெண்கள் மாதிரியே துப்பட்டாவை முகத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பின்னால் கையை நீட்டி, செல்வினின் கையைத் தேடி எடுத்துத் தன் தோளில் வைத்தார். ரோட்டின் ஓரத்தில் நின்று ஒரு லாரியை விட்டார், ஒரு பஸ்ஸை விட்டார், துப்பட்டாவுக்குள் ஏதோ முணுமுணுத்தார் — வண்டியை எடுத்தார்.