தட்டைப் பின்

இப்போதெல்லாம் எல்லா நாட்டுக்கும் சேர்த்து பிளக்கை ஒரே வெள்ளைக் கட்டையாக விற்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பொத்தானைத் தள்ளினால் ஒரு நாட்டுப் பின் வெளியே வருகிறது, இன்னொன்றைத் தள்ளினால் வேறு நாட்டுடையது. அமெரிக்கா கிளம்பிய பேரனின் பெட்டியில் அதைத் தொட்டதும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். "ஷாக் அடிக்காது தாத்தா," என்றான். அவனிடம் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எனக்கு ஒன்பது வயது. மாப்பிள்ளை அமெரிக்காவில் இருந்தார். பெண்ணோடு மிக்ஸியும் போக வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தாள். சிக்கல் என்னவென்றால், அங்கே வருகிற மின்சாரம் நம்முடையதில் பாதி அளவுதானாம். சுவரில் உள்ள ஓட்டையும் வேறாம். இந்த இரண்டையும் எங்கள் வீட்டில் ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொண்டார்கள். பின் பொருந்திவிட்டால் மிக்ஸி ஓடிவிடும் என்றாள் அம்மா. ஓட்டை வேறென்றால் மிக்ஸி எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்றார் மாமா. தோல் ஃபாக்டரியில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, இருவர் சொன்னதற்கும் தலையாட்டினார்.

எங்கள் ஆம்பூர்க் கடைகளில் ஆளுக்கொன்று சொன்னதால் அக்காவையும், துணைக்கு என்னையும் வேலூருக்கு அனுப்பினார்கள். லாங் பஜாரில் ஒரு எலக்ட்ரிக் கடை. அக்காதான் அதைச் சொன்னாள். வேலூரில் டைப்ரைட்டிங் படிக்கப் போய்வந்த நாளில் பார்த்திருக்கிறாளாம். முதலாளியின் தம்பிதான் கடையில் இருந்தார், மேல்விஷாரத்து பாய். எனக்கு ஸ்டூல் போட்டு, கேட்காமலே பன்னீர் சோடா வரவழைத்தார். எனக்குப் பிடித்தது அதுதான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவில்லை.

அவர் விளக்கியது இன்றும் நினைவிருக்கிறது. "பின்ன மாத்துனா சுவத்துல மாட்டலாம், அவ்ளோதான். வர்ற கரண்ட் மாறாது. கம்மியா வர்றத ஜாஸ்தி பண்ண தனியா டிரான்ஸ்ஃபார்மர் வேணும்." அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் தலையாட்டினாள். காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

டிரான்ஸ்ஃபார்மரை அவரே கம்பி சுற்றிச் செய்து தந்தார். செங்கல் கனம். ஆனால் அதன் வயர் நுனியில் போட வேண்டிய பின்தான் சரியாக அமையவே இல்லை. முதலில் மூன்று கட்டைப் பின்கள் போட்டுத் தந்தார். அது இங்கிலாந்துக்கு என்று மாமா கண்டுபிடித்தார். மறுபடி பஸ் ஏறினோம். அடுத்து இரண்டு உருண்டைப் பின்கள். அது ஜெர்மனிக்கு என்றார் அப்பா. மறுபடி பஸ். மாப்பிள்ளை வீட்டார் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள், இரண்டு தட்டைப் பின்கள் என்று. போகும் வழியெல்லாம் அக்காவுக்கு அதை ஞாபகப்படுத்துவேன். கடைக்குப் போனதும் சோடா வரும், சோடா முடிந்ததும் எதிரே வண்ண மீன் கடைக்கு என்னை அனுப்பிவிடுவார்கள். இவ்வளவு தெரிந்த மனிதர் இதில் மட்டும் ஏன் தவறுகிறார் என்பது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது.

இதற்குள் எங்கள் சர்ச்சில் கல்யாண அறிவிப்பான ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் ஐயர் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். யாராவது இருமுவார்கள். மூன்றாவது ஓலை மட்டும் பாக்கி, அது முடிந்தால் கல்யாணம். அம்மாவுக்குப் பதற்றம் அதிகமாயிற்று. மிக்ஸி போகாவிட்டால் மானம் போகும் என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஃபாக்டரி ஞாபகம் வந்தது. வெளிநாட்டு மெஷின் எது வந்து இறங்கினாலும் அங்கே எலக்ட்ரீசியன் செய்யும் முதல் வேலை, அதன் பிளக்கை வெட்டிவிட்டு நம்முடையதைப் போடுவது. வெட்டியதையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன அன்று அந்த டின்னைக் கிளறினேன். இரண்டு தட்டைப் பின்கள் உள்ள பிளக் ஒன்று கிடைத்தது, அமெரிக்காவிலிருந்து வந்த ஏதோ ஒரு சோதனைக் கருவியுடையது. "இன்னாடா பண்ணப் போற இத வச்சி?" என்றார் எலக்ட்ரீசியன். அக்காவுக்கு என்றேன். கொடுத்துவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. கடையில் எடுத்து நீட்டி எல்லாரையும் அசத்த வேண்டும்.

அடுத்த முறை வேலூர் போன அன்று மீன் கடை மூடியிருந்தது. உடனே திரும்பி வந்தேன். மேஜைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் அவர். எப்போதும் வாங்க போங்க என்று பேசுகிறவர், தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்: "நானே ஆம்பூர் வந்து உங்கப்பாகிட்ட பேசட்டா? சொல்லு."

அக்கா வாயைத் திறந்தாள்.

பின் விஷயம்தான் என்று நினைத்தேன். இதற்காகக் கடையை விட்டு அவ்வளவு தூரம் அவர் வரலாமா?

"அதெல்லாம் வேணாம் பாய். நானே கொண்டாந்துட்டேன்," என்று பின்னை மேஜைமேல் வைத்தேன்.

அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா பின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியான பின்னுதான்," என்றார்.

"அப்ப போட்டுக் குடுத்துடுங்க," என்றாள் அக்கா.

போட்டுக் கொடுத்தார். எனக்கு அன்று சோடா வரவில்லை. கெட்டிக்காரன் என்று யாரும் சொல்லவுமில்லை.

மூன்றாவது ஓலையையும் வாசித்தார்கள். மிக்ஸி அமெரிக்காவில் நன்றாக ஓடியதாம். அன்று கடையில் அவளிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியபோது அவளுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கே வராவிட்டாலும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாளோ என்னவோ. கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அன்று திரும்பும்போது, எப்போதும் எனக்கு விட்டுக்கொடுக்கும் ஜன்னல் சீட்டில் அவளே உட்கார்ந்துகொண்டாள். டிரான்ஸ்ஃபார்மர் என் மடியில் இருந்தது. தொடை வலித்தது. பள்ளிகொண்டா தாண்டியும் அவள் முகத்தைத் திருப்பவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மாவிடம் புகார் சொன்னேன், அக்கா ஜன்னல் சீட் தரவில்லை என்று. அம்மா அவளைத் திட்டினாள். அதுவும் போதாமல், வழியெல்லாம் அழுதுகொண்டே பார்க்கிற மாதிரி வெளியே அப்படி என்னதான் இருந்தது என்று அவளிடமே கேட்டேன்.