பதினைந்து கிராமில் அடங்காத விசாரிப்புகள்

லிஸ்பனுக்கு வெகு மேற்கே நடுக்கடலில் கிடக்கும் ஃபுளோரெஸ் தீவின் தபால் நிலையத்தைப் பத்தொன்பது வருடமாகக் கவனித்துவந்த கித்தேரியாவுக்கு ஒரு தராசும் ஒரு கத்தரிக்கோலும்தான் உற்ற சொந்தம். அமெரிக்காவுக்குப் பதினைந்து கிராம் வரை ஒரு தபால்தலை; ஒரு தூசி கூடினாலும் இன்னொன்று. சோளமும் பாலாடைக்கட்டியும் கைமாறும் அளவுக்குக் காசு கைமாறாத தீவு அது. ஆகவே கடித உறையை யாரும் ஒட்டிக் கொண்டுவருவதில்லை. கித்தேரியா அதை நிறுத்து, எழுத்தில்லாத ஓரங்களை நறுக்கிக் கணக்குக்குள் கொண்டுவருவாள். எழுத்தின்மேல் மட்டும் அவள் கத்தரி பட்டதே இல்லை.

எடை கூடுவதற்குக் காரணம் விசாரிப்புகள். தெருவில் ஒருத்தி கடிதம் எழுதுகிறாள் என்றால், தெருவே வந்து, தானும் விசாரித்ததாகத் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லும். ஒரு பெயர் விட்டுப்போனால் அடுத்த அறுவடை வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

அந்த ஏப்ரலில் டெல்பீனா கொண்டுவந்த கடிதம் இருபத்திரண்டு கிராம் நின்றது. அவள் கணவன் பெல்மீரு திமிங்கில வேட்டைக் கப்பலில் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மகள் பிறந்ததே அவனுக்குத் தெரியாது. நடுக்கடலில் இருப்பவனுக்கு எந்தக் கடிதம் போய்ச் சேரும்? இப்போதுதான் அமெரிக்காவில் நியூ பெட்போர்டு துறைமுகத்தில் கரையேறி எழுதியிருந்தான். ஊரிலிருந்து சேதி வராவிட்டால் ஜூன் முதல் தேதி மறுபடி மூன்று வருடத்துக்குக் கப்பலேறிவிடுவானாம்.

நியூ பெட்போர்டு தீவுக்கு நேர் மேற்கே இருக்கிறது. கடிதமோ முதலில் கிழக்கே லிஸ்பனுக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய், பிறகுதான் நீராவிக் கப்பலில் மேற்கே திரும்ப வேண்டும். எப்படியும் ஒன்றரை மாதம். மாதம் ஒருமுறை வரும் லிஸ்பன் கப்பல் துறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. இதை விட்டால் காலம் கடந்துவிடும். கித்தேரியாவிடம் மிச்சமிருந்தது ஒரே தபால்தலை. புதியவை அடுத்த மாதக் கப்பலில்தான் வர வேண்டும்.

“குறைச்ச தலையோட போனா என்னக்கா?”

“அங்க தண்டம் கேப்பான். அவன் தங்கியிருக்கற விடுதிக்காரி தண்டக் கடிதாசிய வாங்க மாட்டாளாமே, நீதானே சொன்னே.”

ஓரமெல்லாம் நறுக்கியும் பத்தொன்பது. மாதா கோயில் பணியாளர் எழுதிக் கொடுத்த மூன்று தாளில் இரண்டரைத் தாளை நாற்பத்தோரு பேர் நிறைத்திருந்தார்கள். மகளைப் பற்றிய நான்கு வரி கடைசித் தாளின் அடியில் ஒண்டிக்கிடந்தது. கூடவே, சர்க்கரை சுற்றி வந்த தடித்த நீலக் காகிதத்தில் குழந்தையின் கையை வைத்துச் சுற்றி வரைந்த படம்.

“அந்தக் கைய மட்டும் எடுத்துடாதீங்கக்கா.”

“அப்ப ஆளுங்களத்தான் எடுக்கணும்.”

வாசலில் நின்ற உம்பெலினா அத்தை உள்ளே வந்துவிட்டாள். “என் பன்னி குட்டி போட்டத எழுதியிருக்கு. அதுல கை வைக்காதே. அது அவன் வாங்கிக் குடுத்த பன்னி.”

“பன்னி இங்கதானே இருக்கு அத்தை. அவன் வந்து பாத்துக்கட்டும்.”

தபால் பையைப் படகில் கொண்டுபோகும் அன்செல்மு படியில் நின்று கத்தினார். “கப்பல் ஊதிட்டான். காத்து வேற திரும்புது. பையக் கட்டு கித்தேரியா.”

“உங்க பேரும் வெட்டுல போவுதுண்ணே.”

“என் பேரா? நான் புள்ளைக்கு ஞானத்தகப்பன்.”

டெல்பீனா எல்லார் முகத்தையும் பார்த்தாள். “வெட்டுங்கக்கா. திட்டெல்லாம் நான் வாங்கிக்கறேன்.”

“நான் வெட்டினேன்னே சொல்லிக்க. நீ அவங்க நடுவுல பொழைக்கணும். எனக்கென்ன, பக்கத்து வீட்டுல மாவு கடன் வாங்கற பழக்கமா இருக்கு?”

கத்தரி முதன்முறையாக எழுத்துக்குள் இறங்கியது. நான்கு வரியும் நீலக் கையும் மட்டும் உறைக்குள் போயின. பதினாலரை கிராம்.

அந்தக் கோடை முழுக்கக் கித்தேரியாவின் வாசலுக்குப் பாலாடைக்கட்டி வரவில்லை. கோயிலில் உம்பெலினா அத்தை இரண்டு பலகை தள்ளி உட்கார்ந்தாள். கித்தேரியா அதற்கெல்லாம் வருந்தவில்லை. ஜூலைக் கப்பலில் பதில் வராதபோதுதான் பயந்தாள். ஒருவர்கூட விசாரிக்காத கடிதம் நம்மூர்க் கடிதமே அல்ல என்று அவன் கிழித்துப் போட்டிருந்தால்?

ஆகஸ்டில் அன்செல்முவின் படகிலிருந்து பையோடு ஒரு ஆளும் இறங்கினான். வெயிலில் கருகிப்போயிருந்தான். தபால் நிலையத்துக்குள் வந்து, சட்டைப்பையிலிருந்து மடிப்பு மடிப்பாகத் தேய்ந்த நீலக் காகிதத்தை எடுத்தான்.

“இது நிஜந்தானே அக்கா? புள்ள இருக்காளா?”

“இருக்கா. பேசிப் பேசி வாய் ஓயறதே இல்ல.”

பெல்மீரு மூச்சுவிட்டான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். “ஏன் ஒருத்தரும் என்ன விசாரிக்கல? நான் என்ன தப்பு பண்ணினேன்? வழியெல்லாம் அதே நெனப்பு.”

கித்தேரியா இழுப்பறையைத் திறந்து, சணலால் கட்டிய தாள்களையும் துண்டுகளையும் அவன் கையில் வைத்தாள். “நாப்பத்தோரு பேர். தெருவுக்குப் போறதுக்கு முன்னாடி படிச்சுடு.”

“எம்பேர மொதல்ல பாரு” என்றார் அன்செல்மு.

அவன் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும்போதே டெல்பீனா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவில் ஓடிவந்தாள். “மிச்சம் அப்புறம்” என்று கித்தேரியா அவனை வெளியே தள்ளினாள்.

அவர்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க உம்பெலினா அத்தை வந்து சேர்ந்தபோது, கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த மகளோடு பெல்மீரு திரும்பினான். “அத்தை, பன்னி ஏழு குட்டி போட்டுதாமே?”

அத்தை சட்டென்று கித்தேரியாவைப் பார்த்தாள்.

மறுநாள் காலை தபால் நிலைய வாசலில் துணி சுற்றிய பாலாடைக்கட்டி ஒன்று இருந்தது. கித்தேரியா பழக்கதோஷத்தில் அதையும் தராசில் வைத்துப் பார்த்தாள்.