பொட்டு வைக்காத சர்வர்

தஹ்சீனைப் பற்றி யாராவது "அமைதியான பெண்" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு தாங்காது. சேலம் கோட்டையில் லாரித் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் ரஹமத்துல்லாவின் ஒரே மகள் அவள். நான் சத்யபிரியா, மல்லசமுத்திரத்துக் காட்டுக்காரி, அதாவது விவசாயி மகள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் இருவரும் நிலத்தடி நீரில் ஆராய்ச்சி செய்கிறோம். அவள் கம்ப்யூட்டரோடு சண்டை போடுவாள், கொஞ்சுவாள், ஜெயித்தால் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றுவாள். பக்கத்து மேசை என்னுடையது. என் காது எப்போதோ போய்விட்டது.

போன ஆயுத பூசைக்கு அவளை ஊருக்குக் கூட்டிப் போனேன். பேருக்குத்தான் விருந்து, உண்மையில் வேலை. எங்கள் காட்டில் தண்ணீருக்காகப் போட்ட போர்வெல் இரண்டும் வெறும் புழுதி. மூன்றாவதும் பொய்த்தால் காட்டை விற்றுவிடுவதென்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். விஜயதசமி சாயங்காலம் வாங்குகிற ஆள் வேறு பேசி முடிக்க வருவதாக இருந்தது. துளை போடும் ரிக் வண்டி முதல் நாளே வந்து காட்டில் நின்றுவிட்டது. அதற்கும் அங்கேயே பூசை, மறுநாள் காலையில்தான் ஓட்டம். அதற்குள் எந்த இடத்தில் துளைப்பது என்று நாங்கள் சொல்லியாக வேண்டும்.

தஹ்சீன் காலையில் காடு முழுக்கக் கம்பி நட்டு, மின்சாரம் பாய்ச்சி, மண்ணுக்கு அடியில் எங்கே ஈரம் என்று அளவெடுத்தாள். அளவுகளைக் கணக்குப் போடக் கல்லூரியின் பெரிய கம்ப்யூட்டரான சர்வருக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், ஐயோ! அரிவாள், மண்வெட்டி, ஸ்பேனர் வரிசையில் எங்கள் லேப்டாப் இரண்டும் சந்தனம் குங்குமத்தோடு, தலையில் செவ்வந்திப் பூவோடு உட்கார்ந்திருந்தன.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கற?"

"ஏன், அதும் ஆயுதந்தான கண்ணு? இனி நாளைக்குக் காலையிலதான் எடுக்கோணும். இன்னிக்குத் தொடக் கூடாது" என்றாள் சென்னியம்மாள், என்னைப் பெற்ற மகராசி. தஹ்சீனிடம் திரும்பியதும் குரல் குழைந்தது. "உங்களுதுக்கும் சேத்துத்தான் வெச்சனுங்க சாமி. உட்டுட்டா மனசு கேக்குங்களா?"

"யாருக்காக இந்தப் பாடு படறோம்?" என்று கத்தினேன். அம்மா அசையவில்லை. தஹ்சீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"சர்வர் காலேஜ்ல இருக்கும்மா. அதுக்கு யாரும் பொட்டு வைக்கல. அதைத் தொடலாமா?"

அம்மா சற்று யோசித்தாள். "அது நம்மூட்டுது இல்லீங்களே. தொடுங்க."

தொட்டால் அங்கே வேறு தலைவலி. சர்வரில் இருந்த பழைய மென்பொருள் அவள் அளவுகளை ஏற்கவில்லை. புதியதை நிறுவ ரூட் அனுமதி, அதாவது சர்வரின் முழு அதிகாரம், வேண்டும். அது சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சந்திரசேகர் சாரிடம்தான் உண்டு. அவரோ லீவுக்குக் கெங்கவல்லி போய்விட்டார், போன் அணைந்து கிடந்தது. தஹ்சீன் சும்மா ஒருமுறை முயன்று பார்த்தாள். உனக்கு அனுமதி இல்லை, இது மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும் என்று மிரட்டியது சர்வர்.

"தெரிவிச்சுக்கோ, போ!" என்றாள். "நமக்குன்னு அதுல ஒரு ஃபோல்டர் இருக்குல்ல? அதுக்குள்ள நம்ம ராஜ்ஜியந்தான்."

மண்டபத்துச் சமையலறைச் சாவி கிடைக்காவிட்டால் வீட்டு அடுப்பில் சமைத்துக்கொள்வதில்லையா, அதே கதைதான். மூல நிரலை இறக்கி, எல்லாவற்றையும் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கச் சொல்லி, கம்பைல் செய்ய ஆரம்பித்தாள். அத்தனையும் போனில், இரண்டு கட்டைவிரலால்! திரை நிறையப் பிழைகள் கொட்டின. நான் எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாகப் படிக்கப் போனேன்.

"முதல் பிழையை மட்டும் படிடி. மத்ததெல்லாம் அதுகூட வந்த சொந்தக்காரங்க."

முதல் பிழை, லைப்ரரி என்கிற ஏதோ ஒரு துணை நிரல் இல்லை என்றது. அதன் மூல நிரலை எடுத்தால் அது இன்னொன்றைக் கேட்டது. அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்டி ஏற்றினாள். கடைசியில் மென்பொருளும் தயாரானது. ஓட்டினால், லைப்ரரியைக் காணோம் என்கிறது!

"கண்ணு முன்னாடி வெச்சிருக்கேன், தெரியலையா உனக்கு?" என்று போனைத் திட்டினாள். எங்கே தேட வேண்டும் என்று ஒரே வரியில் அதற்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஓடியது! சுற்ற நாற்காலி இல்லாததால் வாசலில் தானே சுற்றினாள். கோழிகள் சிதறின. அம்மா ஓடி வந்து, "என்னாச்சுங்க சாமி, அருள் வந்துருச்சா?" என்றாள்.

கணக்கு முடிந்து விடை வந்தது காலையில்தான். துளைக்க வேண்டிய இடம் ரிக் வண்டிக்குப் பின்னால் பத்தடியில் இருந்தது.

"பத்தடி ரிவர்ஸ் எடுங்கண்ணா" என்றேன். டிரைவர் சிவக்குமார் தலையை ஆட்டினார்.

"பூசை போட்ட வண்டிங்க. முதல் நகட்டல் முன்னாலதானுங்க. பின்னால எடுக்க மாட்டனுங்க."

பத்தடி பின்னால் போக, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் காடு முழுக்க ஒரு சுற்று வந்தது அந்த ராட்சத வண்டி. தேருக்குப் பின்னால் போவது போல நாங்களும் கூடவே ஓடினோம். எனக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

துளைக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. புழுதி. இன்னும் புழுதி. குழாய் மேல் குழாயாக இறங்கியும் புழுதிதான். தஹ்சீன் வாயே திறக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவள் நகம் பதிந்து வலித்தது. அம்மா கிழக்கே பார்த்துக் கும்பிட்டபடி நின்றாள். பிறகு புழுதி மட்டுப்பட்டது. சேறாகக் கொப்பளித்தது. சட்டென்று வெள்ளையாகப் பீறிட்டு எங்கள் மூவரையும் தொப்பலாக நனைத்தது தண்ணீர்! நானும் தஹ்சீனும் கட்டிப்பிடித்துக் குதித்தோம், கத்தினோம், சேற்றில் வழுக்கி விழுந்தோம்.

அம்மா கத்தவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள், அதுவும் ஈரம். வாங்குகிற ஆளுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னாள்.

"ஏனுங்க, சென்னியம்மா பேசறனுங்க. சாயங்காலம் வர வேண்டாமுங்க. காடு குடுக்கறதா இல்லீங்க."

அந்தப் பக்கம் காரணம் கேட்டிருப்பார் போல.

"வெல பத்தலேன்னு இல்லீங்க. தண்ணி வந்துருச்சுங்க" என்றாள் அம்மா. போனை என்னிடம் நீட்டிவிட்டுத் தண்ணீரைப் பார்க்கத் திரும்பினாள்.