இறங்கும் கால்களைப் பார்ப்பவர்

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ்கள் வந்து நிற்கிற பக்கம் ஒரு சிமெண்டுத் தூண் இருக்கிறது. என் அக்காள் செல்லியம்மாவின் வீட்டுக்காரர் நாகையா ஏழு வருஷமாக அந்தத் தூணை ஒட்டித்தான் நிற்கிறார். மாம்பழ சீசனில் கூழ் எடுக்கிற ஃபேக்டரியில் வேலை. மற்ற மாதங்களில் மார்க்கெட்டில் மூட்டை இறக்குவார். எந்த வேலையானாலும் நாலு மணிக்கு முடித்துக்கொண்டு, முகம் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு அங்கே வந்துவிடுவார். விளக்கு போட்ட பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவார்.

பஸ் வந்தால் ஏறப் போகிறவர்கள் போர்டைப் பார்ப்பார்கள். ஆளை எதிர்பார்க்கிறவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். மாமா இரண்டையும் பார்ப்பதில்லை. கீழ்ப்படியைப் பார்ப்பார். இறங்குகிற கால்களை ஒன்றுவிடாமல் பார்ப்பார். கடைசி ஆள் இறங்கினதும் தலை நிமிராமலே அடுத்த பஸ் பக்கம் திரும்புவார்.

அவருடைய ஒரே மகன் கிரண்குமார் சின்ன வயசிலிருந்தே பஸ்ஸில் இறங்கினவன் அல்ல, குதித்தவன். பிச்சாட்டூரில் பள்ளிக்கூடம் போகும்போதே கடைசிப் படியில் நின்று, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, தொப்பென்று குதிப்பான். மீசை முளைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. "குரங்கு, பல்லு போவும் பாரு" என்று அக்காள் திட்டுவாள். அவன் சிரித்துக்கொண்டே மறுபடியும் ஏறிக் குதித்துக் காட்டுவான்.

அவனுக்குப் பத்தொன்பது வயசில், நம் பிளஸ் டூ மாதிரியான இன்டர் பரீட்சை தவறிப்போயிற்று. மாமா அவனைத் தன்னோடு ஃபேக்டரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் பழம் பொறுக்குகிற இடத்தில் அவன் போன் பார்த்துக்கொண்டு நின்றதில் அழுகின பழமெல்லாம் நல்ல பழத்தோடு உள்ளே போய்விட்டது. சூப்பர்வைசர் மாமாவைக் கூப்பிட்டு, பத்துப் பேர் நடுவில் கேட்கக் கூடாததைக் கேட்டார். மாமா அங்கே வாய் திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அந்தத் தூண் பக்கத்தில் வைத்து மகனை அடித்தார். கையால் அல்ல. காலில் கிடந்த செருப்பைக் கழற்றி அடித்தார்.

கிரண் அழவில்லை. எதிரே நகர்ந்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸில் ஓடி ஏறினான். அது எந்த ஊர் பஸ் என்று மாமா பார்க்கவில்லை. "ஸ்டாண்டு கேட் வரைக்கும் போயி எறங்கிருவான்னு நெனச்சேன் பத்மா" என்று பிறகு என்னிடம் சொன்னார். அன்றைக்குப் போன பிள்ளைதான். போன் அன்றோடு அணைந்துவிட்டது. போலீசில் எழுதிக் கொடுத்தோம். திருப்பதியிலும் ரேணிகுண்டாவிலும் போட்டோ ஒட்டினோம். நான் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் சமையல் செய்கிறேன்; மொட்டை போட்டுக்கொண்டு இறங்கி வருகிற ஒவ்வொரு பையன் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

பிச்சாட்டூரை விட்டு மாமாவும் அக்காளும் சித்தூருக்கே குடி வந்துவிட்டார்கள். ஆனால் அக்காள் பஸ் ஸ்டாண்டுக்குள் காலடி வைக்க மாட்டாள். மாமா அவளிடம், "முதுகுல ஒரு தட்டு தட்டினேன், அதுக்கே கோச்சிக்கினு பூட்டான்" என்று சொல்லியிருந்தார். செருப்பு விஷயம் எனக்கும், நேரில் பார்த்த ஆட்டோக்காரர் பாஸ்கருக்கும் மட்டும்தான் தெரியும்.

போன தை மாசம் அங்கே ஒரு தெலுங்கு சினிமா எடுக்க வந்தார்கள். மகனைத் தொலைத்த அப்பன் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிற கதை. அந்த அப்பனாக நடிக்க ஹைதராபாத்திலிருந்து வயசான நடிகர் ஒருவர் வந்திருந்தார். பாஸ்கர் அன்றைக்கு முழுக்க ஆட்டோ ஓட்டாமல் வேடிக்கை பார்த்திருக்கிறார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நடிகர் பஸ் வரும்போது நெற்றியில் கை வைத்துப் பார்த்தாராம். ஜன்னல் ஜன்னலாக ஓடினாராம். நாலு தடவை எடுத்தும் டைரக்டர் திலீப்புக்கு மனசு ஒப்பவில்லை. மணி நாலு ஆகிவிட்டது. மாமா வழக்கம்போல் வந்து தூண் பக்கத்தில் நின்றுவிட்டார். அது சினிமா பஸ் என்று அவருக்குத் தெரியாது. அதிலிருந்து இறங்கின கூலி நடிகர்களின் கால்களையும் அவர் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு இருந்த மோனிகா என்ற பெண் அவரை ஓரமாகப் போகச் சொல்ல ஓடி வந்தாள். டைரக்டர் சின்ன டீவியைப் பார்த்தபடியே அவளைக் கை காட்டி நிறுத்திவிட்டார்.

பிறகு எழுந்து வந்து, பெரியவரே என்று தெலுங்கில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "பெத்தாயனா, எல்லாரும் ஜன்னல் பாப்பாங்க. நீங்க ஏன் படியைப் பாக்கிறீங்க?"

"கால்தானே சார் மொதல்ல எறங்குது? மூஞ்சி அப்புறமாத்தானே வருது" என்றாராம் மாமா.

டைரக்டர் திருப்பதியில் வளர்ந்தவர், தமிழ் தெரியும். மறுநாள் இந்த ஆள்தான் நடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இவ்வளவுக்கும் யாருக்காகப் பார்க்கிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டவர் அந்த ஹைதராபாத் நடிகர் மட்டும்தான். வேஷத்தை இழந்தவர் அவர். போகும்போது மாமாவின் தோளில் கை வைத்து, "கொடுக்கா?" என்று தெலுங்கில் கேட்டார். மகனா என்று. மாமா தலையை ஆட்டினார். அவரும் தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

ராத்திரியே மாமா எனக்கு போன் பண்ணினார். "பத்மா, சினிமான்னா எல்லா ஊர்லயும் ஓடும் இல்ல?"

"ஓடும் மாமா. போன்லயும் வருது."

"பெங்களூர்ல?"

"எங்க இருந்தாலும் பாக்கலாம்."

"அப்ப நடிக்கறேன். ஆனா பேரு மட்டும் நம்ம பையன் பேரத்தான் கூப்புடுவேன்னு சொல்லிடு. நீ வந்து பேசு. எனக்குப் பேச வராது."

மறுநாள் விடியற்காலையில் குளித்து, கோவிந்தனை நினைத்துக்கொண்டு முதல் பஸ் ஏறினேன். மோனிகாவிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். கதையில் மகனின் பெயர் யஸ்வந்த். "பரவாலேதக்கா, எந்தப் பேரு வேணா கூப்பிடட்டும். மூஞ்சிதான் முக்கியம்" என்றாள். நான் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பாஸ்கர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "நாகையாண்ணா, ஈரோ ஆயிட்ட. இனிமே எங்க கூட டீ குடிப்பியா, மாட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் லேசாகச் சிரித்தார். ஏழு வருஷத்தில் நான் பார்த்த சிரிப்பு அது ஒன்றுதான்.

பஸ் வந்தது. மாமா படியைப் பார்த்தார். கால்கள் இறங்கின. கடைசிக் காலும் இறங்கி, பஸ் நகரத் தொடங்கியதும் இரண்டு அடி ஓடிப்போய் அவர் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மாமா ஓடினார். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் கை வைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"கிரணு, செருப்பால அடிச்சது தப்புடா. நைனா மேலதான் தப்பு. எறங்கி வாடா."

மோனிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டைரக்டர் வந்து மாமாவின் காலைத் தொடப் போனார், மாமா கூச்சத்தோடு பின்னால் நகர்ந்துவிட்டார். "இன்னொரு தடவை வேணாம், போதும்" என்றார் டைரக்டர். மாமா என்னிடம் திரும்பி, "கேட்டுதா பத்மா? பஸ் சத்தத்துல நல்லா கேட்டுதா?" என்று கேட்டார். கேட்டது மாமா என்றேன்.

படம் புரட்டாசியில் வந்தது. அதுவரை அவர் ஆளே மாறியிருந்தார். அக்காளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. பையன் வந்தால் படுக்க வேண்டும் என்று பாயும் தலையணையும் புதிதாக வாங்கி வைத்தாள். வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்துக்கு மூன்று பேரும் போனோம். போகும் வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். நன்றாகவே உடைந்தது.

இடைவேளைக்குப் பிறகு மாமாவின் முகம் திரை முழுக்க வந்தது. அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கால்கள் இறங்கின. பஸ் நகர்ந்தது. மாமா ஓடினார். வாய் திறந்தது.

வந்த குரல் அவருடையது அல்ல. யாரோ கனத்த குரல்காரர் தெலுங்கில், "பாபு யஸ்வந்த், இன்டிக்கி ராரா" என்றார். வீட்டுக்கு வா, அம்மா சாப்பிடாமல் இருக்கிறாள் என்று இன்னும் ஏதோ சொன்னார். பின்னால் வீணை வாசித்தார்கள். தியேட்டரில் பெண்கள் அழுதார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த பையன்கள் கைதட்டினார்கள்.

குரலைப் பிறகுதான் சேர்ப்பார்கள் என்று சினிமாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியுமாம். அதனால்தான் அந்தப் பெண் பரவாயில்லை என்றாள். அவள் மேல் குற்றமில்லை. தெரியாமல் கும்பிட்டது நான்.

மாமா படம் முடிகிற வரை அசையவில்லை. வெளியே வந்ததும் நாலைந்து பேர் அடையாளம் கண்டுகொண்டு போட்டோ எடுக்க வந்தார்கள். மாமா அதில் ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ தமிழா? அந்த எடத்துல நான் இன்னா சொன்னேன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

"யஸ்வந்த்துன்னு கூப்டீங்க பெத்தாயனா. சூப்பர்" என்றான் அவன்.

அக்காள் மட்டும் கேட்டாள். நாற்பது வருஷம் அந்த வாயைப் பார்த்தவள். "ஏ மனுசா, அந்த வாயி வேற இன்னாவோ சொல்லுது. நீ அங்க இன்னா சொன்ன?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தனை கூட்டத்தின் நடுவில், சினிமாவில் சொன்னதை அப்படியே, ஒரு சொல் மாறாமல் அவளிடம் சொன்னார். குரல் அதே குரல்.

அக்காள் தியேட்டர் வாசலில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "செருப்பாலயா" என்றாள். "தோளுக்கு மேல வளந்த புள்ளய." அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. புதுப் பாயை எடுத்துப் பரணில் போட்டாள்.

சனிக்கிழமை சாயந்திரம் மாமா தூணுக்குப் போனால் அங்கே கூட்டம். "பெத்தாயனா, அந்த மாதிரி ஒருவாட்டி பாருங்க" என்று போனை நீட்டினார்கள். பஸ் வந்தது. படி தெரியவில்லை. இவர்கள் கால்களே குறுக்கே நின்றன. மாமா ஒதுங்கி ஒதுங்கிப் பார்த்தார். எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் ஒரு போன் வந்தது. "இப்ப நான் பாக்கறனா, நடிக்கறனான்னு எனக்கே தெரியல பத்மா" என்று ராத்திரி போனில் சொன்னார்.

அடுத்த வாரம் நான் போனபோது தூண் பக்கத்தில் மாமா இல்லை. தூணுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அங்கேயிருந்து பார்த்தால் ஆட்கள் தெரிவதில்லை, கால்கள்தான் தெரியும். அவருக்கு முன்னால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அக்காள் நின்றுகொண்டிருந்தாள். போனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை, "போங்கப்பா, பஸ்ஸு மறைக்குது" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பஸ் வந்தால் மட்டும் அவளும் குனிந்து படியைப் பார்த்தாள்.

நானும் அவர்களோடு கொஞ்ச நேரம் பார்த்தேன். செருப்புக் கால், ஷூ கால், மெட்டி போட்ட கால், கோவிந்தா போட்டுக்கொண்டு வருகிறவர்களின் வெறுங்கால். ஒவ்வொன்றாக இறங்கின. கிரணுக்கு இப்போது இருபத்தாறு. அந்த வயசில் ஒருவன் இன்னும் இரண்டு காலையும் சேர்த்துக் குதிப்பானா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. மாமாவிடம் நான் அதைக் கேட்கவில்லை.