சபாநாயகர் நாற்காலியும் பின்பக்கக் கேட்டும்

மக்களவை சபாநாயகர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்ல எனக்கு இன்றும் வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். தொண்ணூறுகளில் அரசுத் தேர்வுக்குப் படித்த யாருக்கும் இது வரும், பெருமைப்பட ஒன்றுமில்லை. செங்கல்பட்டு நூலகத்தில் உட்கார்ந்து ஒரு முழுத்தாளில் எழுதிக்கொண்டு வந்தேன்: யார், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, எந்த மாநிலம். பதவியில் இருக்கும்போதே இறந்தவர், பிற்பாடு குடியரசுத் தலைவரானவர் என்ற விவரங்கள் ஓரத்தில் சிவப்பு மையில். தேர்வில் கேள்வி எப்போதும் அந்த ஓரத்திலிருந்துதான் வரும்.

என்னைக் கேள்வி கேட்டது என் அண்ணன். செய்யூர் பக்கம் எங்கள் ஊரில் சவுக்கு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். சாயங்காலம் கை கால் கழுவிவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். ஒரு பெயர் விட்டுப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வான். வாத்தியார்கூட அவ்வளவு கறாராக இருந்ததில்லை.

“டேய், இந்த ஆளுக்கு இன்னாடா வேலை?” என்று ஒருநாள் கேட்டான்.

சபையை நடத்துவார், எல்லோரையும் பேசவிடுவார், தான் எந்தப் பக்கமும் சேரமாட்டார், ஓட்டும் போடமாட்டார், இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் அவருக்கு ஓர் ஓட்டு என்றேன்.

“எல்லாத்தையும் பேச வுட்டுட்டு சும்மா குந்திகினு கீறதுக்கு சம்பளமா? நல்ல வேலைடா.” தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தான். “இதுல நம்மாளு யார்னா கீறாங்களா?”

அப்போது இல்லை. புத்தகத்தில் அப்படி ஒரு கேள்வியும் இல்லை. சில வருஷம் கழித்து எங்கள் சனத்திலிருந்து ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தார். அதற்குள் எனக்குச் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. ஊர்க் கடைக்கு போன் போட்டு அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். “தாள்ல எழுதிக்கோ” என்றான், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரப்பாக்கத்தில் லோன் போட்டு வீடு கட்டினேன். எங்கள் நகரில் இருபத்திரண்டு வீடுகள். எல்லோரும் வெளியூர்க்காரர்கள், மாதச் சம்பளக்காரர்கள். எந்த ஊர் என்று என்னைக் கேட்டால் செய்யூர் என்பேன். செய்யூரில் எங்கே என்று யாரும் கேட்டதில்லை, கேட்டுவிடுவார்களோ என்ற பயம் மட்டும் தினமும் இருந்தது. “இன்னா”வை விட்டு “என்ன”வுக்கு எப்போதோ மாறிவிட்டேன்.

நகர் சங்கத்துக்கு என்னைத் தலைவராகப் போட்டார்கள். வேறு யாரும் முன்வராததுதான் காரணம். நான் அதைப் பாராளுமன்றமாகவே ஆக்கிவிட்டேன். கையைத் தூக்காமல் பேசக்கூடாது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடக்கூடாது. தலைவர் கருத்துச் சொல்லமாட்டார், ஓட்டு சமமானால் ஒழிய ஓட்டும் போடமாட்டார். எல்லாம் அந்தத் தாள் படுத்திய பாடு. “மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, குப்பை வண்டி மூணு நாளா வரல” என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிரும்.

எங்கள் நகருக்குப் பின்னால் ஒரு காலனி இருந்தது. நகர் என்றால் யார், காலனி என்றால் யார் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பின்பக்கச் சுவரில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருந்தது. காலனிக்காரர்கள் அதன் வழியே எங்கள் தெருவில் நடந்துதான் ரயிலுக்குப் போவார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்கள், கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள், நம் வீடுகளிலேயே பாத்திரம் தேய்க்க வருகிறவர்கள். அந்த வழி இல்லையென்றால் ஜி.எஸ்.டி. ரோடு சுற்றி அரை மணி நேரம் நடக்கவேண்டும்.

அந்த இடத்தில் கேட் போட்டுப் பூட்டவேண்டும் என்று எங்கள் செயலாளர் தீர்மானம் கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி, மரியாதையான மனிதர். “கண்டவங்களும் வர்றாங்க, போறாங்க. பொம்பளைப் பிள்ளைங்க இருக்கிற இடம்” என்றார். ஒருவர் செருப்பு காணோம் என்றார். இன்னொருவர், “பாவம் சார், அவங்களும் எப்படித்தான் போவாங்க?” என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து யார் கையைத் தூக்கினார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஒரு வீட்டார் வரவில்லை. என்னைக் கழித்தால் இருபது பேர். கைகளை எண்ணினேன். பத்துக்குப் பத்து.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், ஓட்டு சமமானால் இருக்கிற நிலை அப்படியே தொடரும்படி ஓட்டுப் போடுவதுதான் சபாநாயகர்களின் மரபு, அதன்படி கேட் வேண்டாம் என்று ஓட்டளிக்கிறேன் என்றேன். செயலாளர் தலையை ஆட்டினார். “சார் ரூல் பிரகாரம் சொல்றார். ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். கூட்டம் சண்டையில்லாமல் கலைந்தது. ஏதோ ஆட்சியையே காப்பாற்றியதுபோல வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

“நல்லது. நீங்க இன்னா நினைக்கிறீங்கன்னு சொன்னீங்களா?”

“தலைவர் கருத்துச் சொல்லக்கூடாது.”

“அந்த நாற்காலி உங்களுக்கு ரொம்ப வசதியா கீது” என்றாள். கத்தியை நிறுத்தவே இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேலை நடந்ததா இல்லையா, வழி திறந்திருக்கிறதா இல்லையா என்று கத்தினேன். மதியம் சரியாகச் சாப்பிடவுமில்லை. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

அடுத்த வருஷம் நான் தலைவராக நிற்கவில்லை. செயலாளர் தலைவரானார். முதல் கூட்டத்திலேயே கேட் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை நான் பிளாஸ்டிக் நாற்காலியில், எல்லோரோடும் கடைசி வரிசையில். கையைத் தூக்கினேன்.

“நானும் காலனிலதான் பொறந்தேன்” என்றேன். “எங்க ஊர்ல பஸ் ஸ்டாப்புக்குப் போற வழியை இப்படித்தான் வேலி போட்டு அடைச்சாங்க. வரப்பு சுத்தி, சேத்துல எறங்கி, பேண்ட்டை மடிச்சுகினு பரீட்சைக்குப் போனேன். இன்னா தப்பு பண்ணோம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.” பழைய பேச்சு தானாக வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் மிகவும் கனிவாகச் சொன்னார்: “உங்களை யார் சார் சொன்னா? நீங்க எங்க, அவங்க எங்க?”

ஓட்டெடுப்பில் பதின்மூன்று பேர் கேட் வேண்டும் என்றார்கள், எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். போன வருஷம் “பாவம் சார்” என்றவர் இந்த முறை வேண்டும் என்று கை தூக்கினார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்து காப்பாற்றிய வழியை வாயைத் திறந்து தோற்றுவிட்டேன். ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதுவும் நிஜம்.

இரண்டு வாரத்தில் கேட் வந்தது. வீட்டுக்கு ஒரு சாவி. தலைவரே என் வீட்டுக்கு வந்து கொடுத்தார், காபிகூடக் குடித்துவிட்டுப் போனார். சாவி இரண்டு நாள் டிவி மேல் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் இருக்கும் சாவிக்காரரிடம் போனேன்.

அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சாதா சாவிதான். எத்தினி போடணும், அண்ணாத்த?”

வீட்டுக்கு ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். காலனியில் எத்தனை வீடு என்று எனக்குத் தெரியவில்லை. விடுதலைக்குப் பிறகு வந்த சபாநாயகர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். ஐந்து வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறேன், ஒருநாள்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

“எண்ணிட்டு வந்து சொல்றேன்” என்றேன். ரயிலை விட்டுவிட்டு எங்கள் தெருவழியே திரும்பி நடந்தேன். கேட்டைத் திறந்து அந்தப் பக்கம் போனேன். முதல் வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா சார், யாரைப் பாக்கணும்?”

“சும்மாதாம்மா. இங்க எத்தினி வூடு கீதுன்னு கேக்க வந்தேன்” என்றேன்.