உப்பு தின்ற பிரேக்

தங்கவயல் சுரங்கங்கள் சர்க்கார் கைக்கு வந்து, வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. போகிறபோது பியானோவை ஒருவருக்கு, நாயை ஒருவருக்கு, கட்டிலை ஒருவருக்கு என்று விற்றுவிட்டுப் போனார்கள். எனக்கு வந்து வாய்த்தது ஒரு பழைய பிக்கப் வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்கார ஒரு பெட்டி, பின்னால் சாமான் ஏற்றப் பலகை அடித்த திறந்த தட்டு. ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் அப்படி ஒரு வண்டி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் இன்னும் இரண்டு பேர் வைத்திருந்தார்கள். அவர்கள் வண்டி ஓடியது, நின்றது. என் வண்டி ஓடும். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எங்களுக்கு உப்பு வியாபாரம். ரயிலில் பங்காருபேட்டைக்கு வந்து இறங்கும் கல்லுப்பு மூட்டைகளை ஏற்றிவந்து கடைகளுக்குப் போடுவது என் வேலை. உப்பு மூட்டை சும்மா இருக்காது. கொஞ்சம் ஈரக்காற்று பட்டால் போதும், அழ ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். பலகை இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வண்டியின் வயிற்றில் இறங்கும். அந்த வயிற்றில்தான் பிரேக் எண்ணெய் போகிற இரும்புக் குழாய்கள் ஓடின. சுண்டுவிரலைவிட மெல்லிய குழாய்கள். காலால் பெடலை மிதித்தால் எண்ணெய் அந்தக் குழாய் வழியே போய்ச் சக்கரத்தை இறுக்கும். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்தான். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தால் நான்கும் போச்சு. இதெல்லாம் இப்போது தெரிந்து சொல்கிறேன். அப்போது எனக்கு வண்டியைப் பற்றி நன்றாகத் தெரிந்தது ஹாரன் ஒன்றுதான்.

கை பிரேக் என்று ஒன்றும் இருந்தது. துருப்பிடித்து, வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. அதற்குப் பதிலாக ஒரு கருங்கல் வைத்திருந்தேன். வண்டியை நிறுத்தியதும் குதித்து இறங்கி, கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பேன். கிளம்பும்போது எடுத்து சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். கடைவீதியில் எனக்குப் பெயர் வருவதற்கு முன்னால் அந்தக் கல்லுக்குப் பெயர் வந்துவிட்டது.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணமும் ஆனது. மாரிகுப்பத்துப் பெண். அவள் அப்பா சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டுபவர். ஆட்கள் ஏறிய கூண்டைக் கம்பிவடத்தில் பாதாளத்துக்கு இறக்கி, ஷிப்ட் முடிந்ததும் மேலே தூக்கிவிடுகிற வேலை. பூமிக்கு அடியில் போகிற அத்தனை பேர் உயிரும் அவர் பிரேக்கில் இருந்தது. நான் பெண் பார்க்கப் போன அன்று, அவர் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை மேல் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஒரு நாள் காலை கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, வண்டி ஒழுகுதுங்க."

"ராத்திரி பனி பெஞ்சிருக்கும்."

"பனி இன்னா வழுவழுன்னா இருக்கும்? மோந்து பாருங்க. வெளக்கெண்ண வாசன அடிக்குது." விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அந்தக் காலத்து பிரேக் எண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். அது எனக்குத் தெரியாது. "துரைங்க வண்டி இல்ல? மாசம் ஒரு தபா வெளக்கெண்ண குடுத்து வளத்திருப்பாங்க" என்றேன். நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் நச்சரிப்புத் தாங்காமல் மெக்கானிக்கிடம் போனேன். அவர் கன்னடக்காரர், எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். வண்டிக்கு அடியில் படுத்து, குழாயை நகத்தால் சுரண்டினார். அப்பளம் உதிர்வதுபோல் துரு ஏடு ஏடாக உதிர்ந்து அவர் முகத்திலேயே விழுந்தது.

"அண்ணா, உப்பு பைப்ப தின்னுடுச்சு. ஒரு எடத்துல இல்ல, மொத்தமா. பெங்களூர்லேர்ந்து புது பைப் வரணும். நாலு நாளு வண்டிய உட்டுட்டுப் போங்க. அதுவரிக்கும் ஓட்றது பேடா."

பேடா என்றால் வேண்டாம். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த கன்னடம். எனக்கு மட்டும் அன்று புரியவில்லை. நாலு நாள் வண்டி இல்லாமல் கடைவீதியில் நடந்து போவதை நினைத்தாலே மானம் போனது. 'உனக்கு வேலை வேணும், அதுக்கு என் வண்டியா கெடச்சுது' என்று மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

வைத்தியத்தை நானே ஆரம்பித்தேன். பெட்ரோல் டாங்கி கசிந்தால் பார் சோப்பைப் பிசைந்து அப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். டாங்கிக்கு ஆகிறது பிரேக்குக்கு ஆகாதா? குழாயில் ஈரம் தெரிந்த இடத்திலெல்லாம் சோப்பை அப்பி, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றினேன். சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் பிரேக் எண்ணெய். காலடிப் பலகையில் இருந்த சின்ன மூடியைத் திறந்து இரண்டு நாளைக்கு ஒரு முறை ஊற்றுவேன். பெடலை மூன்று தடவை மிதித்தால் நான்காவதுக்கு வண்டி நிற்கும். அந்தக் கணக்கில் கால் நன்றாகப் பழகிவிட்டது.

அப்படியும் கசிவு நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மை புலப்பட்டது. கண் பட்டுவிட்டது. கடைவீதியே பார்த்து வயிறெரிகிற வண்டி அல்லவா! அமாவாசையன்று சாயங்காலம், கடைக்குப் போய் மூட்டையைப் பிரித்து இரண்டு கையும் கொள்ளும் அளவுக்குக் கல்லுப்பு அள்ளினேன். கூடவே மிளகாய். வண்டியை வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று. அதோடு விட்டிருக்கலாம். திருஷ்டி நன்றாகக் கழியட்டும் என்று ஒரு பிடி உப்பை வண்டிக்கு அடியிலும் வீசினேன். உப்பு தின்று தீர்த்த வண்டிக்கு உப்பையே சுற்றிப்போட்ட ஆள் இந்தத் தங்கவயலில் நான் ஒருவன்தான். இதில் போட்டிக்கு வேறு இரண்டு பேர் கிடையாது.

திருஷ்டி கழிந்ததென்று எண்ணெயும் ஊற்றாமல், வண்டியையும் எடுக்காமல் வைத்திருந்தேன்; ஆச்சரியம், இரண்டு நாள் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அவளைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினேன். மூன்றாம் நாள் சினிமா கொட்டகைக்கு முன்னால் பெடல் நேராகப் பலகைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒழுகுவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை. டிக்கெட்டுக்கு நின்ற வரிசை இரண்டாகப் பிளந்து எனக்கு வழிவிட்டது. ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டே ஊடே போனேன். நல்ல வேளை, அப்புறம் மேடு. வண்டி தானாக நின்றது. கல்லை வைத்துவிட்டு, சோடா குடிக்க வந்தவன்போல் பக்கத்துக் கடைக்கு நடந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து, "பைப்ப மாத்தியாச்சு" என்று அவளிடம் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். மறுநாளிலிருந்து வண்டியை அடுத்த தெருவில் நிறுத்த ஆரம்பித்தேன், தரையில் கறை தெரியக்கூடாது என்று. பொய் சொன்னவனுக்கு இத்தனை யோசனை வந்ததே, பைப் மாற்ற ஒரு யோசனை வரவில்லை.

அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு எங்கள் வீட்டில் நடந்தது. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு மாரிகுப்பத்தில் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். மாமியார் ஜட்கா பேசி வந்திருந்தார். வண்டி வைத்திருக்கிற மாப்பிள்ளை இருக்கும்போது குதிரை வண்டியா? நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். வண்டியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் முதுகு வலிக்கக்கூடாது என்று புது இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று வாங்கி, என் பக்கத்து சீட்டில் சாய்த்து வைத்தேன். பெண்டாட்டி மேல் பாசம் இல்லாமல் இல்லை. அறிவுதான் இல்லை.

இரண்டு கையும் நிறைய வளையலோடு அவள் வாசலுக்கு வந்தாள். படியிறங்கவில்லை. கண்ணாடி வளையல் சத்தம் நின்றது.

"முதல்ல நீங்க காலியா ஒரு தடவ போயிட்டு வாங்க."

"இன்னாது?"

"காலி வண்டி. சயனைட் மேடு வரிக்கும் போயி திரும்பி வாங்க. அப்பால நான் ஏறிக்கிறேன்."

சுரங்கத்தில் அப்படி ஒரு வழக்கம். வேலை நின்று மறுபடி தொடங்கும்போது, ஆள் ஏறுவதற்கு முன் காலிக் கூண்டை ஒரு முறை அடிவரை இறக்கி ஏற்றிப் பார்ப்பார்கள். அதை எத்தனையோ வருஷமாகச் செய்கிறவரின் மகள் இவள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நல்ல நாளும் அதுவுமா இன்னாடி பேச்சு இது? மாப்ள மூஞ்சப் பாரு, பாவம்."

"மூஞ்சப் பாத்துத்தாம்மா சொல்றேன்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. "நான் இன்னா கூண்டா ஓட்டறேன்?"

"கூண்டா இருந்தா பயமில்லயே. அத எங்கப்பா ஓட்டறாரு."

இதற்கு மேல் நிற்க முடியுமா? கல்லை எடுத்து உள்ளே எறிந்துவிட்டு, கதவை அறைந்து சாத்தி, கிளம்பினேன். வருகிற வேகத்தைப் பார்த்து வாயடைத்துப் போகட்டும் என்று வழக்கத்தைவிட வேகமாக விட்டேன். ஊரைத் தாண்டினால் ஒரு இறக்கம். இடது பக்கம் சயனைட் மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சாம்பல் மணல், மலைமலையாகக் குவிந்திருக்கும். இறக்கத்தின் பாதியில் பெடலை மிதித்தேன். குழைந்த சோற்றில் கால் வைத்ததுபோல் இருந்தது. மூன்று, நான்கு, ஐந்து என்று மிதித்தேன். கால் பலகையில் இடித்தது. கை பிரேக்கை இழுத்தேன், பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. கீழே வளைவில் ஒரு மாட்டு வண்டி வைக்கோலோடு குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. "ஐயோ முருகா" என்று கத்திக்கொண்டே ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன்.

மணல் மேடு வண்டியை அப்படியே விழுங்கி நிறுத்தியது. முட்டியில் சிராய்ப்பு, வாயெல்லாம் மண், அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்ததும், முதலில் எனக்கு வந்த நினைப்பு இந்தச் சமாசாரத்தை எப்படி மறைப்பது என்பதுதான். அப்புறம்தான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். மணல் தள்ளுவண்டிக்காக எந்தக் காலத்திலோ போட்டு, மண்மூடிப்போன தண்டவாளத் துண்டு ஒன்று இடது கதவைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. தலையணையின் நட்டநடுவில் நுழைந்து, பின்பலகையில் குத்தி நின்றிருந்தது. பெட்டிக்குள் இலவம்பஞ்சு பறந்துகொண்டிருந்தது.

வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். குழாய் விரற்கடை நீளத்துக்கு வெடித்திருந்தது. நான் அப்பிய சோப்பு அதன் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

பிறகு நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து, தெருக்குழாயில் முகம் கழுவி, சட்டையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எல்லாரும் வாசலிலேயே இருந்தார்கள்.

"இன்ஜின் சூடாயிடுச்சு. அதான் அங்கயே உட்டுட்டு வந்தேன்" என்றேன்.

அவள் படியிறங்கி என் பக்கத்தில் வந்தாள். என் தலையிலிருந்து எதையோ எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். காதோரத்திலிருந்து ஒன்று. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இலவம்பஞ்சு.

"இன்ஜின்ல இதா அடச்சு வெச்சிருக்கு?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். "தலகாணி இன்னாங்க ஆச்சு?"

அத்தனை உறவுக்கு முன்னால், வாசற்படியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் என் தலையிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டே இருந்தாள். மாமியார் ஒன்றும் புரியாமல், "வெயில்ல நடந்து வந்தாரு இல்ல, மயக்கமா இருக்கும்" என்று தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினார்.

ஜட்காவையே திரும்ப வாசலுக்குக் கூப்பிட்டார்கள். ஜட்காக்காரர் இறங்கி, அவள் ஏறுவதற்குப் படியைத் துடைத்துவிட்டார். அவள் ஒரு காலை எடுத்து வைக்கப் போனாள். நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"முதல்ல நீங்க காலியா ஒரு தடவ போயிட்டு வாங்க" என்றேன் ஜட்காக்காரரிடம்.

"குதிரைக்கு இன்னா சார் ஆவப்போவுது?"

"இருக்கட்டும். காலியா போயிட்டு வாங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வளையல் கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, காலி ஜட்கா தெருமுனை வரை போய்த் திரும்பி வரும்வரை, என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.