கொரியா ஏன் வேண்டாம் என்றார்?

போன வருடம், ஜூன் மழை தொடங்கியிருந்த நேரம். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆசியாவின் வரைபடம் விரிந்து கிடந்தது. ஊறுகாய் பாட்டிலும் மாத்திரை டப்பாவும் நாற்காலிக்கு இடம் மாறியிருந்தன. வாங்கி வந்தவர் என் கணவர். சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, இனி போக வேண்டாம் என்று முடித்துக்கொண்டு ஊரோடு வந்திருந்தார். மகளும் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையோடு பெங்களூர் போய்விட்டாள். ஒரு நாள் காலையில் காப்பியைக் குடித்துக்கொண்டே, "செப்டம்பர்ல கிளம்புவோம். ரெண்டு மாசம். ஆசியாவ ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதுரைக்கு அந்தப் பக்கம் நான் போனதே அபூர்வம். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் எனக்கென்ன கவலை? அவர் இருபது வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் குப்பை கொட்டியவர். நான் பெட்டியைக் கட்டினால் போதும், மற்றதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

இலங்கையில் தொடங்கி மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், சைனா, கொரியா, ஜப்பான் என்று சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். கொரியாவைச் சேர்க்கச் சொன்னது நான். மகள் கல்யாணத்துக்கு முன்னால் என் போனில் தமிழ் பேசும் கொரியத் தொடர்களைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. அவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கிண்ணத்து மூடியைப் பிரித்து, ஆவி பறக்க நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். அதேமாதிரி ஒரு தடவை நானும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இத்தனை வருடத்தில் எனக்கென்று நான் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

குழப்பம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. எந்த ஊரில் எப்போது மழை, எங்கே இறங்கி எங்கே ஏறுவது, திரும்பி வர டிக்கெட் இல்லாமல் உள்ளே விடுவார்களா மாட்டார்களா, ஒன்றும் விளங்கவில்லை. ஆளாளுக்கு ஒரு யோசனை வேறு. அதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். இவர் செய்ததைத்தான் என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

முதலில் சைனா போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, புட்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேனாவை எடுத்து ஒரே அடி. "அங்க பாம்பையும் தவளையையும் திங்குவானுவ. நமக்குச் சரிப்படாது" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது, வியட்நாமில் மட்டும் நமக்காகப் புட்டு அவித்து வைத்துக்கொண்டா காத்திருக்கிறார்கள்? கேட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஜப்பான். நிலநடுக்கம் வருமாம். அதே கையோடு புதிதாக இந்தோனேஷியாவைச் சேர்த்தார். அந்த ஊரில் பூமி ஆடாமல் அசையாமல் கிடக்கிறதா என்ன? மகளுக்குப் போன் செய்து புலம்பினேன். "அப்பாவுக்குப் பயமா இருக்குமோ என்னவோம்மா" என்றாள் அவள். இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்த மனிதருக்குப் பயமாம்! நல்ல கதை என்று போனை வைத்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் கொரியாவையும் அடித்தார்.

"குளிரு தாங்காது ஏட்டி. உனக்கு மூட்டுவலி வேற." அவ்வளவுதான் சொன்னார். செப்டம்பரில் அங்கே குளிரே கிடையாது என்று போனில் தேடி எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பார்த்தார். "செரி, பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம்.

அன்றைக்கு முழுவதும் எனக்கு மனது ஆறவே இல்லை. என்ன காரணமாக இருக்கும்? பணமா? இல்லை, புதிது புதிதாக நாடு சேர்க்கிறாரே. உடம்புக்கு ஏதாவதா? பிரஷர் மாத்திரை தவிர வேறொன்றும் இல்லை. அப்படியானால் என்னோடு தனியாக ரெண்டு மாதம் சுற்றுவதுதான் கசக்கிறதா? கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் அவருடைய லீவுக் காலம்தான். ஆசையாகப் பேசிவிட்டு இப்போது மாட்டிக்கொண்டோம் என்று நினைக்கிறாரோ? கண்டதையும் நினைத்து வெப்ராளம் பிடித்து, மனசு புழுங்கி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இந்தச் சவம் பிடித்த விஷயத்தை நேரிலேயே போய்க் கேட்டுவிடுவோம் என்று, அவரையும் இழுத்துக்கொண்டு தக்கலையில் ஒரு டிராவல்ஸுக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கொரியா போக முடியுமா என்று கேட்டேன். "தாராளமா போலாம் ஆன்ட்டி. மத்ததெல்லாம் ஆன்லைன்ல போட்டுடலாம், சிலதுக்கு விசாவே வேண்டாம். சைனா, ஜப்பான், கொரியா இந்த மூணுக்கு மட்டும் ரெண்டு பேர் பாஸ்போர்ட்டையும் எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க. சென்னைக்கு அனுப்பி விசா ஒட்டி வாங்கித் தாறோம், ரெண்டு மூணு வாரம் ஆகும்" என்றாள். நான் சட்டென்று என் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தேன். புத்தம் புதுசு, ஒரு முத்திரைகூட விழாதது.

அவர் சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். அதை எப்போதும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத்தான் வைத்திருப்பார். நீட்டினார். அந்தப் பெண் மறுமுனையைப் பிடித்தாள். இவர் விடவில்லை. அவள் விளையாட்டு என்று நினைத்து, "அங்கிள், விடுங்க" என்று சிரித்தாள். இவர் வெடுக்கென்று பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "கொரியா வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்துவிட்டார். எனக்கு அங்கேயே மானம் போய்விட்டது. என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி வாசலில் நனைந்துபோய் நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யார் இருந்தால் எனக்கென்ன என்று ஆகிவிட்டது.

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் நீங்க வரல. பிள்ளைய அடக்கம் செய்யும்போதும் வரல. இப்பம் நான் கேட்ட ஒரே ஒரு எடம், அதுக்கும் கூட்டிட்டுப் போவ மாட்டிய. நான் உங்களுக்கு ஆருதான்?"

சொல்லக் கூடாது என்று பல வருடங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்த வார்த்தை அது. மகளுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். சில நாட்கள்தான் இருந்தான். என் அண்ணன்மார் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். இவர் போனில், "லீவு கிடைக்கல" என்று மட்டும் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. பிள்ளை போன பிறகும் லீவு கிடைக்காத வேலை என்ன பெரிய வேலை, தூக்கிப் போட்டுவிட்டு வர வேண்டியதுதானே என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லீவு அன்னைக்கே குடுத்தாவ. பாஸ்போர்ட்டத்தான் குடுக்கல."

எனக்குப் புரியவில்லை. ஒருவருடைய பாஸ்போர்ட் இன்னொருத்தன் கையில் எப்படி இருக்கும்? பிறகு பைய பைய சொன்னார். போய் இறங்கிய அன்றைக்கே எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி முதலாளி அறையிலிருந்த பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். லீவில் ஊருக்கு வரும்போதுதான் கையில் தருவார்கள், திரும்பிப் போனதும் மறுபடி வாங்கிக்கொள்வார்கள். மேனேஜர் அன்றைக்கே லீவு எழுதித் தந்துவிட்டார், ஆனால் அந்த நேரம் பார்த்து முதலாளி வேறெங்கோ பயணம் போயிருந்தான். சாவியும் அவனோடு போய்விட்டது. இவர் தினமும் அந்த அலுவலக வாசலில் போய் நின்றிருக்கிறார். இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்றார்களாம். அவன் வந்து பீரோவைத் திறந்தபோது இங்கே எல்லாம் முடிந்திருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? வெளிநாட்டு மாப்பிள்ளைன்னுதானே உன்னைக் கெட்டித் தந்தாவ. என் பாஸ்போர்ட்டு என் கையில இல்லன்னு எப்பிடிச் சொல்லுவேன்?"

நனைந்த சட்டைக்கு மேலே அந்தப் பையை இடது கையால் பொத்தியபடியே நின்றார். பஸ் வந்தது, ஏறினோம். என் பிள்ளைக்காக அவர் அழவில்லை என்றல்லவா இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்? யாரிடம் போய் அழுவது என்று தெரியாமல் பூட்டிய பீரோவுக்கு முன்னால் நின்றிருக்கிறார் மனிதர். வீடு வரும்வரை எனக்கு அழுகை நிற்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரி மழைத்தண்ணீர் என்று நினைத்து டவல் தந்தாள்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தேன். சைனா, ஜப்பான், கொரியா. அடிபட்ட மூன்றுக்கும் பாஸ்போர்ட்டைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கோட்டில் மிச்சம் இருந்ததும் புதிதாகச் சேர்ந்ததும் எல்லாம் போனிலேயே முடிகிற ஊர்கள். எனக்குத் தெரியாமல் முன்னாலேயே விசாரித்து வைத்துக்கொண்டு, பாம்பு, நிலநடுக்கம், குளிர் என்று வாய்க்கு வந்த காரணத்தையெல்லாம் சொல்லியிருக்கிறார். "கொரியா வேண்டாங்க. எனக்கு மலேசியாவே போதும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சில நாட்கள் கழித்து அவராகவே, "நாமளே சென்னைக்குப் போய்க் குடுப்போம். இடையில ஆளு வேண்டாம்" என்றார். நாகர்கோவிலில் ரயிலேறிப் போனோம். விசா மையத்தில் எங்கள் டோக்கன் எண் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு தம்பி. நான் என்னுடையதைக் கொடுத்தேன். "உங்களுதையும் தாங்க, நான் குடுக்கேன்" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவரே உறையைப் பிரித்தார். பாஸ்போர்ட்டைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார்.

"தம்பி, இத எங்க வைப்பிய?"

"பத்திரமா லாக்கர்லதான் சார்."

"சாவி ஆரு கையில இருக்கும்?"

அந்தத் தம்பி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல? "அவருக்கு ஒரு சமாதானத்துக்குச் சொல்லு மக்கா" என்றேன். அவன் நல்ல பிள்ளை. சாவி மேனேஜரிடம் இருக்கும், அவர் லீவு போட்டால் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார் என்று பொறுமையாகச் சொன்னான். இவர் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் நகர்ந்தார்.

பாஸ்போர்ட் கூரியரில் வரும்வரை மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்ப்பார். ஒரு மத்தியானம் வந்தது. கவரைக் கிழித்து நான் விசா ஒட்டிய பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தன்னுடையதில் முதலில் திருப்பியது தன் படம் இருக்கிற பக்கத்தை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொரியாவுக்கும் போனோம். ஆற்றங்கரையில் நூடுல்ஸ் சாப்பிட்டேன். காரம் தலைக்கேறிக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். ஹோட்டலில் ரிசப்ஷனில் பாஸ்போர்ட் கேட்கும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்வார், அவர்கள் திருப்பித் தந்ததும் விட்டுவிடுவார்.

எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் இன்னும் சவுதிப் பக்கம்தான் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் வரவில்லை, பிள்ளைக்கு ஆபரேஷன் என்றும் வரவில்லை, லீவு கிடைக்கவில்லையாம் என்று யாராவது புருஷனைத் திட்டிக்கொண்டு வந்தால், முன்பெல்லாம் நானும் சேர்ந்து திட்டுவேன். இப்போது, "மொதல்ல பாஸ்போர்ட்டு ஆரு கையில இருக்குன்னு கேளு மக்கா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிகிறது.